நுனாவுட்டுக்கு முதல்முறை வேலைக்குப் போகும் தாதிக்கு

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று என்னிடம் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சம்பளத்தையும் குளிரையும் பற்றித்தான் கேட்கிறார்கள். சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். குளிருக்கு நல்ல உடுப்பு இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறு. அங்குள்ள பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் உடல்நலத்தில் பெரும்பகுதி கடல், வேட்டை, தையல், உறவு என்று அவர்கள் வாழும் வாழ்க்கையிலிருந்து வருகிறது. அதைக் குலைக்காமல் வேலை செய்யத் தெரிந்த தாதியிடம் மக்கள் மனம் விட்டுக் கதைப்பார்கள். மற்றவரிடம் மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். நுனாவுட்டின் பாஃபின் தீவின் சிற்றூர்களில் பல ஆண்டுகள் மாறி மாறி வேலை செய்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமானது. மொத்தம் 25 ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 37,000க்குச் சற்றுக் குறைவு. அதில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இனுவிட். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வீதி கிடையாது, விமானம்தான். முழு ஆஸ்பத்திரி என்று இருப்பது தலைநகர் இக்கலூயிட்டில் உள்ள கிகிக்தானி பொது ஆஸ்பத்திரி ஒன்றே. சிற்றூர்களில் சுகாதார நிலையத்தை நடத்துவது தாதிமார். டாக்டர் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் போனில் இருப்பார். நடுராத்திரி ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினால் கதவைத் திறப்பது நீங்கள்தான். பாஃபின் பகுதிக் கைக்குழந்தைகள் நுரையீரல் தொற்றால் ஆஸ்பத்திரியில் சேரும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதனால் அவசரப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ வேலை செய்த அனுபவம் இல்லாமல் போகாதீர்கள்.

போகும் முன் செய்யவேண்டியவை

தாதிப் பதிவு வடமேற்குப் பிரதேசத்துக்கும் நுனாவுட்டுக்கும் ஒரே அமைப்பிடம்தான்; நேரத்தோடு விண்ணப்பியுங்கள். போகும் ஊரின் மதுச் சட்டத்தைக் கேட்டு வையுங்கள். சில ஊர்களில் முழுத் தடை, சில ஊர்களில் குழுவின் அனுமதி வேண்டும். பரிசாகக் கொண்டுபோகும் ஒரு போத்தலும் அங்கே குற்றமாகலாம்.

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா எல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு போங்கள். கடையில் சாமான் உண்டு, ஆனால் விலை தெற்குக் கனடாவைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போகும். கனமான பொருட்கள் கோடையில் கப்பலில் வரும். மற்றதெல்லாம் விமானச் சரக்கு. வீட்டுக்குள்ளும் சுகாதார நிலையத்துக்குள்ளும் சப்பாத்தைக் கழற்றுவார்கள். உள்ளே போட ஒரு தனிச் சோடி வேண்டும்.

முதல் வாரம்

வேகத்தைக் குறையுங்கள். ஒரு மூதாட்டியிடம் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுங்கள். ரொறன்ரோவில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அங்கே அந்த மௌனத்தில்தான் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். புருவம் உயர்ந்தால் ஆம், மூக்குச் சுருங்கினால் இல்லை. இதைப் பார்க்கத் தெரியாத தாதி, பதில் சொல்லிவிட்ட நோயாளியிடமே அதே கேள்வியை நாலு தரம் கேட்பார். கணினித் திரையைப் பார்த்தபடி கேள்வி கேட்டால் எந்தப் பதிலும் உங்களுக்குக் கிடைக்காது.

நிலையத்தில் மொழிபெயர்க்கும் ஊழியர் இருப்பார். அவரைப் பார்த்து “அவருக்கு எங்கே வலி?” என்று கேட்காமல், நோயாளியைப் பார்த்து “உங்களுக்கு எங்கே வலி?” என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டியின் அந்தரங்கத்தைப் பிள்ளையின் வாயால் கேட்பது இருவருக்கும் கொடுமை. அந்த மொழிபெயர்ப்பாளரோடு தேநீர் குடித்து, ஊரைப் பற்றி அவர் சொல்வதை வடிவாகக் கேளுங்கள். தாதிமார் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த நிலையத்தின் நினைவு அவரிடம்தான் இருக்கிறது.

குடும்ப வரலாறு எடுக்கும்போது இன்னும் ஒரு கவனம். இறந்துபோன ஒருவரின் பெயரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வரும். ஒரு தாய் தன் ஆறு மாத மகனைத் தன் தகப்பன் என்று அழைப்பதைக் கேட்பீர்கள். தகப்பனிடம் காட்டிய மரியாதையை அந்தப் பிள்ளையிடமும் காட்டுவார். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லித் திட்டத் தயங்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது எளிதாகவே பிடிபடும். உறவுக்குள் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதும் சாதாரணம். சட்டமும் அந்த வழக்கத்தை ஏற்கிறது. ஆகவே பரம்பரை நோய் பற்றிக் கேட்கும்போது, “பெற்ற அம்மாவின் பக்கம் யாருக்காவது இருந்ததா?” என்று மென்மையாக, காரணத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

“வேலை இல்லை” என்று எழுதாதீர்கள்

படிவத்தில் தொழில் என்ற இடத்தில், சம்பளம் வாங்காதவர் எல்லோருக்கும் வேலை இல்லை என்று எழுதி வைத்திருப்பதைப் பழைய கோப்புகளில் பார்ப்பீர்கள். அந்த மனிதர் வாரத்துக்குப் பல நாள் பனிக்கடலில் நின்று நாலு வீட்டுக்கு இறைச்சி கொண்டுவருபவராக இருக்கலாம். வேட்டைக்காரர் என்று எழுதுங்கள். அது மரியாதைக்கு மட்டும் சொல்லவில்லை, மருத்துவத்துக்கும் தேவை. அவருக்கு நீங்கள் எழுதும் ஒவ்வொரு மருந்தும் பனிவண்டியில் பயணம் போகப்போகிறது.

இன்சுலின் உறைந்தால் குப்பைக்குத்தான். உடம்போடு ஒட்டி, உள்சட்டைக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா பம்ப் கடும் குளிரில் சரியாக அடிக்காது, அதுவும் உள்ளேதான். நீர் வெளியேற்றும் மாத்திரையை, பல அடுக்கு உடுப்போடு நாள் முழுக்க வண்டியோட்டும் ஒருவர் காலையில் போட விரும்பமாட்டார். எப்போது போட்டால் வசதி என்று அவரையே கேளுங்கள். இரண்டு நாள் பயணம் என்று கிளம்புபவர் பனிப்புயலில் மாட்டி ஒரு வாரம் கழித்து வரலாம், மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள். செய்மதிக் கருவி கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடற்பனி முன்போல நேரத்துக்கு உறைவதில்லை. மெல்லிய பனியை முன்கூட்டி அறிய பொண்ட் இன்லெட் போன்ற ஊர்களில் ஸ்மார்ட்ஐஸ் என்ற திட்டத்தில் உள்ளூர் ஆட்களே பனியை அளந்து படம் போடுகிறார்கள்.

வழமையான பரிசோதனை நாட்களை நல்ல காலநிலையில் வைக்காதீர்கள். வசந்தத்தில் வெளிச்சம் நீண்டு பனிவிளிம்பில் வேட்டை நடக்கும்போது கிளினிக் காலியாகத்தான் இருக்கும். வராதவர் மேல் கோபப்படாமல், புயலடிக்கும் நாட்களில் கூப்பிடுங்கள். நான் வருடத் தொடக்கத்திலேயே வேட்டைக்காரர் சங்கத்தில் போய் எந்த மாதம் எது வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் நாட்களை ஒதுக்குவேன்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது

இதில்தான் வெளியே இருந்து வருபவர்கள் அதிகம் பாதிப்பை உண்டாக்குகிறார்கள். பச்சை இறைச்சி கூடாது, கொழுப்பு கூடாது, பழமும் கீரையும் சாப்பிடுங்கள் என்று தெற்கில் அச்சடித்த தாளை நீட்டுவது மிக எளிது. கடையில் வாடிய கீரை ஒரு கட்டு வாங்கும் பணத்துக்குப் பிள்ளைகள் வயிறு நிறையாது. 2007, 2008 ஆண்டுகளில் நடந்த இனுவிட் சுகாதார ஆய்வில் நுனாவுட் வீடுகளில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு உணவுப் பாதுகாப்பு இல்லாதவை என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட இடத்தில், இருக்கும் நல்ல சாப்பாட்டைக் குறைசொல்லும் உரிமை நமக்கு இல்லை.

அந்தச் சாப்பாடு உண்மையிலேயே நல்லது. கடல்நாய் இறைச்சியில் இரும்புச்சத்து மாட்டிறைச்சியைவிடப் பல மடங்கு. நார்வால், பெலுகா திமிங்கிலங்களின் தோலைப் பச்சையாகச் சாப்பிடும்போது வைட்டமின் சி கிடைக்கிறது. மரமே இல்லாத நாட்டில், வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வராமல் தலைமுறைகள் வாழ்ந்தது இப்படித்தான். ஆர்க்டிக் சார் மீனில் நல்ல கொழுப்பும் வைட்டமின் டியும் உண்டு. இரத்தசோகையுள்ள ஒரு கைக்குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்தோடு, கரிபு என்ற வடபுல மானின் இறைச்சியையோ கடல்நாய் இறைச்சியையோ மென்மையாக வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆலோசனையைச் சொல்லும்போது பாட்டியின் முகத்தைப் பாருங்கள். அவர் எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருப்பார்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி இது: “வீட்டுக்கு வேட்டை இறைச்சி வருகிறதா? யார் கொண்டுவருகிறார்?” வேட்டைக்காரர் இல்லாத வீடு, வண்டி பழுதான வீடு, பெற்றோல் வாங்க வழியில்லாத வீடு, கணவனைப் பிரிந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்ணின் வீடு, இவைதான் உங்கள் பட்டியலில் முதலில் இருக்கவேண்டும். ஊரில் பகிரும் இறைச்சிக் கிடங்கு உண்டா என்று விசாரித்து வையுங்கள். பாஃபின் தீவில் 2015 தொடக்கத்தில் கரிபு வேட்டை முழுதாக நிறுத்தப்பட்டு, பிறகு ஆண் கரிபு மட்டும் குறைந்த எண்ணிக்கையில் அனுமதிக்கப்பட்டது. அப்போது வீட்டுத் தட்டில் என்ன மாறியது என்பதை யோசிக்காமல் நீரிழிவு, எடை என்று பேசுவதில் பயனில்லை. குறைக்கச் சொல்வதானால் சீனி போட்ட சோடாவைக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் ஊரில் யாரும் உங்களோடு சண்டை பிடிக்கமாட்டார்கள்.

எச்சரிக்கை தேவையான இடங்களும் உண்டு. அவற்றைத் துல்லியமாகச் சொல்லவேண்டும், பொதுவாகப் பயமுறுத்தக்கூடாது. கர்ப்பிணிகளும் கர்ப்பமாகும் எண்ணமுள்ள பெண்களும் வளையக் கடல்நாயின் ஈரலைத் தவிர்க்கவேண்டும் என்று 2012இல் நுனாவுட் சுகாதாரத் துறை அறிவித்தது, காரணம் பாதரசம். ஈரல் மட்டும்தான், அதன் இறைச்சி நல்லது என்று அதே அறிவிப்பு சொன்னது. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டால் பெண்கள் கடல்நாயையே விட்டுவிடுவார்கள். வால்ரஸ், பனிக்கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம். அங்குள்ள வகை உறைய வைத்தாலும் சாகாது, ஆகவே வேகவைக்கவேண்டும், அல்லது சோதிக்கவேண்டும். கியூபெக் மாகாணத்தின் வடக்கே உள்ள இனுவிட் பகுதியான நுனாவிக்கில் வேட்டையாடிய வால்ரசின் மாதிரியைக் கூஜுவாக் ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே ஊர் சாப்பிடும். காய்ச்சல், முகவீக்கம், தசைவலி என்று ஒரே குடும்பத்தில் பலர் வந்தால் என்ன சாப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

புளிக்க வைத்த வால்ரஸ், கடல்நாய் இறைச்சி பெரியவர்களுக்கு விருந்து. பழைய முறையில் குளிர்ந்த கல்லுக்கடியில், காற்றுப்பட வைப்பதற்கும், மூடிய பிளாஸ்டிக் வாளியில் அடுப்புப் பக்கம் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம். இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், வாய் உலர்தல், விழுங்கச் சிரமம் என்று ஒருவர் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிட்டு நச்சுமுறி மருந்தையும் விமானத்தையும் கேளுங்கள். எப்படிப் பதப்படுத்துவது சரி என்று இளையவருக்குச் சொல்ல ஊர்ப் பெரியவரையே அழையுங்கள், உங்கள் தாளைவிட அவர் சொல் எடுபடும்.

இன்னொன்று, தெற்கிலிருந்து வருபவருக்குத் தெரியாதது. சிபிடி-1ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் இனுவிட் பிள்ளைகள் பலரிடம் உண்டு. அது இருந்தால் நீண்ட நேரம் பட்டினி கிடக்கும்போது சர்க்கரை அளவு இறங்கலாம். பால் குடிக்காமல் வாந்தியோடு வரும் குழந்தைக்கு இரத்தச் சர்க்கரையை முதலிலேயே பாருங்கள்.

யாராவது உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். நிலத்தில் விரித்த அட்டையைச் சுற்றி உட்கார்ந்து, உறைந்த சார் மீனை ஊலு கத்தியால் சீவிச் சாப்பிடுவார்கள். நான் சாப்பிடுவேன், எனக்குப் பிடிக்கும். நீங்கள் சைவமென்றால் அதை நேராகச் சொல்லி, தேநீரும் பனொக் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் மனம் கோணமாட்டார்கள். முகம் சுளித்தால்தான் கோணுவார்கள்.

எக்ஸ்ரே என்றதும் அமைதியாகிவிடும் பெரியவர்

காசநோய் நுனாவுட்டில் இன்னும் இருக்கிறது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, கண்முன்னே மாத்திரை போடவைப்பது எல்லாம் உங்கள் வேலையில் வரும். அதைத் தொடங்கும் முன் ஒரு வரலாறு தெரிந்திருக்கவேண்டும். 1950இலிருந்து சி.டி. ஹவ் என்ற அரசுக் கப்பல் கோடையில் ஊர் ஊராக வந்து எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தது. நோய் கண்டவர்களில் பலர் கரைக்குத் திரும்பி விடைபெறக்கூட விடப்படாமல் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1956 வாக்கில் இனுவிட் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தெற்கின் காசநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தார். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஹமில்டனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று பல வீடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. 2019 மார்ச் 8 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்கலூயிட்டில் இதற்கு மன்னிப்புக் கேட்டார். கல்லறைகளைத் தேடித்தரும் நானிலாவுட் என்ற முயற்சியும் அதையொட்டித் தொடங்கியது.

எழுபது வயதுக்காரர் ஒருவர் எக்ஸ்ரேக்கு வராவிட்டால் ஒத்துழைக்காதவர் என்று கோப்பில் எழுதாதீர்கள். அவர் தாயை அந்தக் கப்பல் கொண்டுபோயிருக்கலாம். எங்கே எடுப்போம், எவ்வளவு நேரமாகும், நோய் இருந்தாலும் பெரும்பாலும் ஊரிலேயே வைத்தியம் பார்க்கலாம், வெளியே போகவேண்டி வந்தால் யார் கூட வருவார், எப்போது திரும்புவார் என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். வேட்டைக்குப் போகும் நோயாளிக்கு மாத்திரை நாட்களை அவர் பயணத்துக்கு ஏற்பத் திட்டமிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுப்பாருங்கள். பலமுறை வழி கிடைத்திருக்கிறது.

ஊரைவிட்டு அனுப்பும்போது

பாஃபின் பகுதியார் இக்கலூயிட்டுக்கும் ஒட்டாவாவுக்கும், கிவல்லிக் பகுதியார் வின்னிபெக்குக்கும், கிட்டிக்மியோட் பகுதியார் யெலோநைஃபுக்கும் எட்மன்டனுக்கும் போகிறார்கள். பெரும்பாலான கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரம் முன்னரே ஊரைவிட்டுப் போகவேண்டும். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். கர்ப்பிணியுடன் ஒருவர் துணைக்குப் போக 2017 முதல் மத்திய அரசின் திட்டம் செலவு தருகிறது. இதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிப் படிவத்தை நிரப்புங்கள். மொழி தெரியாத முதியவருக்கும் துணைக்கான காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்; நீங்கள் எழுதும் இரண்டு வரியில்தான் அனுமதி நிற்கும். ஒட்டாவாவில் லார்கா பாஃபின் விடுதியில் தங்குவார்கள். ஒரு குளிர்ப்பெட்டியில் உறைந்த இறைச்சி கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நோயில் கிடப்பவருக்குத் தன் ஊர்ச் சாப்பாடு தேவை.

துக்கமும் கைவேலையும்

சில நூறு பேர் வாழும் ஊரில் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டால் உங்கள் ஊழியர்கள் எல்லோரும் உறவினராக இருப்பார்கள். அன்று அவசர வேலையை மட்டும் பாருங்கள். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போங்கள், கேள்வி கேட்காதீர்கள். பலவந்தக் குடியேற்றம், பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துச் சேர்த்த விடுதிப் பள்ளிகள், கொல்லப்பட்ட பனிவண்டி நாய்கள் என்று இந்த வலிக்கு நீண்ட வரலாறு உண்டு. பாஃபின் பகுதிக்கான கிகிக்தானி உண்மை ஆணையம் அவற்றில் பலவற்றை மக்கள் வாக்குமூலமாகவே பதிவு செய்திருக்கிறது. போகும் முன் அதைப் படியுங்கள். மனநலத் தாதியிடம் அனுப்புவதோடு, ஊரில் தையல் குழு, நிலத்துக்குப் போகும் முகாம், பெரியவர்களோடு உட்காரும் நிகழ்ச்சி எது இருக்கிறதோ அதற்கும் வழிகாட்டுங்கள். கிளைட் ரிவரில் இலிசாக்சிவிக் என்ற அமைப்பு உள்ளூர் ஆட்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, நிலத்தில் முகாம் நடத்துகிறது. நான் கண்டவற்றில் மிகச் சிறந்த மனநல வேலை அதுதான்.

கைவேலை வருமானமும்கூட. 1983இல் ஐரோப்பா வெண்குட்டிக் கடல்நாய்த் தோலைத் தடை செய்தபோது, அந்தக் குட்டிகளை வேட்டையாடாத இனுவிட் மக்களின் தோல் விலையும் சரிந்து வீடுகள் வருமானம் இழந்தன. 2009 தடையில் இனுவிட்டுக்கு விலக்கு இருந்தும் சந்தை மீளவில்லை. கடல்நாய்த்தோல் கையுறை, கமிக் சப்பாத்து இவற்றைத் தைத்த பெண்ணிடமே நேராக வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்; தோலைச் சுரண்டி, நீட்டி, காயவைத்துத் தைக்கும் உழைப்பை ஒருநாள் பக்கத்திலிருந்து பார்த்தால் பேரம் பேச வாய் வராது. சிற்பம் வாங்கினால் செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால், இனுவிட் கைவேலைதான் என்று காட்டும் இக்லு முத்திரை இருக்கிறதா பாருங்கள். கடல்நாய்த்தோலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக முடியாது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பஃபலோவுக்குக் காரில் போகும்போது கையுறையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நார்வால் கொம்புக்கும் பனிக்கரடித் தோலுக்கும் நாட்டைவிட்டு வெளியே போகத் தனி அனுமதி வேண்டும்.

திரும்பும் முன்

முடிந்தால் அடுத்த முறையும் அதே ஊரைக் கேளுங்கள். இரண்டாம் முறை விமானத்திலிருந்து இறங்கும்போதே மக்கள் கதைக்கும் விதம் மாறியிருக்கும். முடியாவிட்டால், அடுத்து வரும் தாதிக்கு நல்ல கையளிப்பு எழுதுங்கள். இரத்த அழுத்தமும் மருந்துப் பட்டியலும் கணினியில் இருக்கும். அங்கே இல்லாததை எழுதுங்கள். யாருக்கு இடது காது மட்டும் கேட்கும், யார் வசந்தத்தில் முகாமுக்குப் போவார், எந்த வீட்டுக்கு இறைச்சி வருவதில்லை, எந்தப் பாட்டிக்குத் துணையில்லாமல் விமானம் ஏறப் பயம், எந்தப் பிள்ளையின் சர்க்கரையை உடனே பார்க்கவேண்டும், பழுதான வண்டிக்குப் பாகம் எதிர்பார்த்திருக்கும் வேட்டைக்காரரின் மாத்திரை எந்தத் தேதியில் முடிகிறது. நோயாளியின் கோப்புக்குள்ளேயே, அவரே வாசித்தாலும் வருந்தாத சொற்களில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.